ஏழு ஆறுகளும் ஓர் அளவு நாடாவும்

உலகை அளந்தவர்கள் இருவர். ஒருவர் மூன்றே அடியில் அளந்து முடித்தார். அவர் பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கிறார். மற்றவர் அறுபது அங்குல நாடாவால் அளந்தார். அவர் பாபநாசத்தில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தார். முன்னவரைப் பாடக் கோடிப் பேர் உண்டு. பின்னவர் அளந்தபோது உடனிருந்து எழுதியவன் நான் ஒருவனே என்பதால், அதைச் சொல்லும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

ஊருக்கே அவர் டேப் டீச்சர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எங்கள் பள்ளியில் நான் கணக்கு, அவர் தையல். நெற்றியில் நீறு, கழுத்தில் மஞ்சள் அளவு நாடா. இரண்டும் இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. கல்யாணமோ துக்கமோ, நாடா கழுத்தில்தான் கிடக்கும். ஒருமுறை மாலைமாற்று முடிந்த மணமேடையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆசீர்வதிக்கப் போனார். மாப்பிள்ளைத் தோழன் அதையும் மாலையென்று எடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டான்.

நாடா வெறும் அலங்காரந்தான் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவருடைய கண்ணே நாடா. சக ஆசிரியர் ஒருவர் வீட்டில் பெண் பார்க்க வந்த பையனைக் கூடத்தில் வைத்தே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடது தோள் அரை இஞ்சு இறக்கம்" என்றார். பெண்ணின் தகப்பனார் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பையனின் தாயார் எழுந்தே விட்டார். டீச்சர் அசையவில்லை. "ஏன் பயப்படுறீங்க? அது மூட்டை தூக்குன தோளு. ஒழைக்கிற பையன். தாராளமா குடுங்க" என்றார். கொடுத்தார்கள். இன்று அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் தோள் நேர்.

கோயிலிலும் இதே கதை. அம்பாளுக்குப் பட்டுப்பாவாடை சார்த்துவதாக வேண்டிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை தைத்தே கொண்டுவந்துவிட்டார். குருக்கள் பதறிப்போனார்.

"டீச்சர், அம்பாளுக்கெல்லாம் அளவு எடுக்கப்படாது."

"எடுக்கல சாமி. பாத்தேன். இடுப்பு இருபத்தி மூணே கால்."

சார்த்திப் பார்த்தால், சன்னதியோடு சேர்த்துச் செதுக்கியது போலப் பொருந்தியது. குருக்கள் என்னிடம் தனியே வந்து, "தீபாராதனைல எல்லாரும் அம்பாள் முகத்தைப் பாத்துண்டு உருகறா. இவா இடுப்பைப் பாத்துண்டு நின்னிருக்கா ஓய்" என்று அங்கலாய்த்தார். பக்தியில் இதுவும் ஒரு மார்க்கம் என்று சொல்லி அவரைத் தேற்றினேன்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பெரிய காரியம் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்து, வீட்டுக்கு ஒருவர் துபாய், சிங்கப்பூர், திருப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். அவ்வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவை இல்லை, எனவே நடவும் இல்லை. நடவுக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேரை டீச்சர் கூட்டிக்கொண்டு, பள்ளியின் பழைய சத்துணவுக் கிடங்கில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவர்களில் மல்லிகா என்பவள் கத்தரி பிடித்தால் துணி தானாகவே வழிவிடும். அவள் கணவன் ராஜேந்திரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தை பிறந்ததும் வந்து அவளை அழைத்துப் போவதாகக் கடிதம் போட்டிருந்தான்.

அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பண்டாரவாடை ஹாஜா பாய் ஒரு பையோடு வந்தார். அவருக்கு இங்கே ஜவுளிக்கடை. தம்பிக்குத் துபாயில் கடை. தம்பி நாற்பது நாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார்.

"டீச்சரம்மா, அங்க நம்ம பொம்பளைங்களுக்கு சேலை பார்சல்ல போயிடுது. ஜாக்கெட் தைக்கத்தான் ஆளில்ல. ரெடிமேடா வச்சா அள்ளிட்டுப் போவாங்கன்னு தம்பி சொல்றான். இந்தாங்க, பம்பாய் சரக்கு, கூடவே அளவுச் சீட்டு. இதே மாதிரி தைச்சுக் குடுத்தீங்கன்னா தம்பி எடுத்துட்டுப் போவான். நல்லா இருந்துச்சுன்னா வருஷம் பூரா ஆர்டர். இல்லன்னா பம்பாயிலயே வாங்கிக்கிறோம்."

ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று ரவிக்கைகள். மல்லிகா மறைவுக்குப் போய் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "மீடியத்துல தோளு தொங்குது, கை நுழையல. லார்ஜுல கை நுழையுது, உள்ள இன்னொரு ஆளும் நுழையலாம்."

டீச்சரின் கண்கள் ஒளிர்ந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை நான் பதிகம் ஓதிக்கொண்டிருந்த வேளையில் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், இந்த அளவைப் போட்டவன் பொம்மைக்குப் போட்டிருக்கான். நாத்து நட்ட கைய அவன் பாத்ததே இல்ல. நாம போடுவோம் சார், நம்ம பொம்பளைங்களுக்கு நம்ம அளவு. நீங்க சராசரி போட்டுக் குடுங்க."

சராசரி உதவாது என்றேன். ஆறடி ஆளுக்கும் நாலடி ஆளுக்கும் சராசரி ஐந்தடி. ஐந்தடிச் சட்டை இருவரையும் கைவிடும். மார்புச் சுற்றில் இரண்டிரண்டு அங்குலமாகக் கூட்டம் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் கைச்சுற்று, தோள், உயரம் முதலியவற்றை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். அவர் என்னை அம்பாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதாவது, சட்டை அளவைப் பார்த்தார்.

ஆனால் அளப்பதற்கு ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் தையற்காரரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுப்பார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். வீட்டுப் பத்திரம் போலப் பெட்டியில் இருக்கும். "டேப்பெல்லாம் வேணாம் டீச்சர், அளவு ஜாக்கெட் குடுத்தனுப்புறோம்" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்கள். அளவு ஜாக்கெட்டை டீச்சர் வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். வேறு வழியின்றி இசைந்தார். பள்ளிப் பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு அம்மாவின் ரவிக்கையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூற்று அறுபது சேர்ந்தது. அளந்தோம், எழுதினோம், அடுக்கினோம்.

என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கணக்கை நான் கண்டதில்லை. எண்கள் எல்லாம் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நின்றன. இந்தப் பூமியின் பெண்கள் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்த படைப்புத் திறத்தை எண்ணி எனக்குக் கண்ணீரே வந்தது. வந்திருக்கக் கூடாது. கணக்கு வாத்தியாருக்குக் கண்ணீர் வரும் கணக்கில் எங்கோ பிழை இருக்கும்.

அட்டவணைப்படி பன்னிரண்டு ரவிக்கைகள் தைத்தார்கள். போட்டுப் பார்க்கும் நாளன்று ஹாஜா பாயின் மனைவி பீவியம்மாளும் ஆவலோடு வந்திருந்தார். நான் கிடங்கின் வாசலில், சாத்திய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே முதலில் சிரிப்பு. பிறகு பட்டென்று ஒரு கொக்கி பறந்து கதவில் வந்து மோதிய சத்தம்.

"மல்லிகா, கத்தரி எடு" என்றது டீச்சரின் குரல்.

"வெட்டிப்புடாதீங்க டீச்சர், மூச்சை இழுத்துப் பாக்குறேன்" என்றது பீவியம்மாளின் குரல்.

"எவ்வளவு நேரம் இழுத்துக்கிட்டே இருப்பீங்க பீவிம்மா? வெளிய விட்டுத்தானே ஆகணும்?"

ஒருவருக்கும் பொருந்தவில்லை. டீச்சர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். கழுத்தில் நாடா, முதன்முறையாக, வாடிக் கிடந்தது. "உங்க அளவு ஜாக்கெட் எந்தக் காலத்துது?" என்று உள்ளே திரும்பிக் கேட்டார்.

"கல்யாணத்துக்குத் தைச்சது" என்றாள் ஒருத்தி. "எனக்கும் அதான்" என்றாள் மற்றொருத்தி.

"அப்ப டெய்லர் எப்பிடி சரியா தைக்கிறான்?"

"குடுக்குறப்ப வாயால சொல்லுவோம்ல? 'இதுல ரெண்டு இஞ்சு கூட வச்சுக்க, கைய கொஞ்சம் லூசு விடு, நீளம் மட்டும் இதே'ன்னு. ஜாக்கெட்டோட சொல்லும் சேந்தாத்தானே டீச்சர் அளவு?"

பள்ளிப் பிள்ளைகளின் பையில் ரவிக்கை வந்துவிட்டது, சொல் வரவில்லை. நாங்கள் அளந்து வைத்திருந்தது பாபநாசத்துப் பெண்களை அல்ல. அவர்களுடைய முகூர்த்த நாளை. போதாக்குறைக்கு, கத்தரிப்பூ நிற ரவிக்கை ஒன்று மூன்று பைகளில் மூன்று முறை வந்திருந்தது. தெருவிலேயே நல்ல தையல் என்று அக்கம்பக்கத்தார் இரவல் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். நான் அதை மூன்று பெண்களாகவே எழுதி மகிழ்ந்திருந்தேன்.

ஹாஜா பாயின் தம்பி கிளம்ப இருபது நாள் இருந்தது. மல்லிகா ரவிக்கைகளை மடித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர். நான் திருப்பூருக்கே போய்க்கிறேன். ஒத்த ரூமுல எட்டுப் பேரு இருக்காங்களாம். ஒம்பதாவதா நானும் ஒரு மூலையில படுத்துக்குவேன்" என்றாள்.

டீச்சர் எழுந்தார். "நீ போயிட்டா அக்குள் வளைவு வெட்ட எனக்கு யாருடி இருக்கா? ஊர்ல எல்லாரையும் வரச் சொல்லு. இந்தத் தடவ டேப்புதான்."

கிடங்கின் குறுக்கே கயிறு கட்டி, நான்கு பழைய சேலைகளைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் நான், சுவரைப் பார்த்தபடி, முதுகைத் திரைக்குக் காட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. பெயர் கிடையாது, எண் மட்டுமே என் காதுக்கு வரும். அப்படியும் கூடியிருந்தவர்கள் தயங்கினார்கள்.

"சார் காதுல நாங்க பேசுறது விழும்ல?"

அதற்கும் டீச்சரிடம் வழி இருந்தது. "சார், நீங்க பாட்டுக்குப் பதிகம் பாடிக்கிட்டே இருங்க. சத்தமாப் பாடுங்க. உங்க வாய் மூடாத வரைக்கும் உங்க காது திறக்காதுன்னு இவங்களுக்கு நம்பிக்கை வரட்டும். நம்பரை மட்டும் நான் கத்திச் சொல்லுறேன்."

பாடினேன். ஆனாலும் யார் முதலில் நிற்பது என்ற கேள்வி எழுந்தது. சிறிது நேரம் சலசலப்பு. பிறகு டீச்சரின் குரல் ஓட்டைப் பிளந்தது. "மல்லிகா, என்னைய அள. நம்பரைத் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லு." டீச்சர் ஆகிருதியில் எவருக்கும் குறையாதவர். மல்லிகா மெல்லிய குரலில் தொடங்க, "சத்தமாச் சொல்லுடி" என்று அதட்டல். சொன்னாள். டீச்சரின் குரல் மறுபடி எழுந்தது.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் லார்ஜும் இல்ல, எக்ஸ்ட்ரா லார்ஜும் இல்ல. நான் கொள்ளிடம். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் தாங்குவேன்."

அந்தச் சிரிப்பில் சேலைத் திரை காற்றடித்தது போல என் முதுகில் வந்து உரசிற்று. "அப்ப நான் என்ன டீச்சர்?" "நீ குடமுருட்டி." "நானு?" "உன்னைப் பாத்தா வெண்ணாறு மாதிரி தெரியுது, டேப்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம், வா." லார்ஜ் என்று சொல்லக் கூசியவர்கள் காவிரி என்று சொல்லிக்கொள்ளப் போட்டியிட்டார்கள். அன்றைக்கே ஏழு அளவுகளுக்கும் பெயர் அமைந்துவிட்டது: திருமலைராஜன், குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, காவிரி, கொள்ளிடம்.

பத்து நாள் நடந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் திரைக்கப்பால் பேச்சும் நின்றுவிடும், நாடாவும் நின்றுவிடும். உடனே ஒரு குரல் எழும்: "ஏன் சார் நிறுத்திட்டீங்க? பாடுங்க." பாடிக்கொண்டே எழுதியதில் என் பாட்டும் கணக்கும் கலந்துபோயின. இறைவனின் திருவடியைப் பாடத் தொடங்கி "முப்பத்தாறரை" என்று முடித்திருக்கிறேன். அடிமுடி காணாத பரம்பொருளுக்கே கைச்சுற்று பன்னிரண்டு என்று பாடியதாகப் பின்னர் மல்லிகா சொன்னாள். பொறுத்தருளியிருப்பான்.

பண்டாரவாடையில் பீவியம்மாள் தம் வீட்டுக் கூடத்திலேயே திரை கட்டி, தெருப் பெண்களையெல்லாம் வரவழைத்திருந்தார். அங்கே பாடுவது முறையாகுமா என்று தயங்கி, வெளி அறையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து பீவியம்மாள் ஆள் அனுப்பினார்: "பாபநாசத்துல பாடுனீங்களாமே சார். எங்களுக்கு மட்டும் பாடமாட்டீங்களா?" பாடினேன். இடையிடையே ஏலக்காய் மணக்கத் தேநீர் வந்தது.

இம்முறை எண்கள் அழகாக இல்லை. முண்டியடித்தன, முரண்டு பிடித்தன. ஒல்லியான தோளோடு உரமான கை, அகன்ற இடுப்போடு குட்டை உயரம். ஆனால் அடுக்க அடுக்க ஓர் உண்மை துலங்கியது. நட்டு, களை பறித்து, நீர் சுமந்த கைகளுக்கு, பம்பாய்ச் சீட்டைவிட ஒவ்வோர் அளவிலும் கைச்சுற்று ஒன்றரை அங்குலம் கூடுதலாக வேண்டியிருந்தது. டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏதோ வரம் கிடைத்தது போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மல்லிகா வெட்ட, மற்றவர்கள் தைக்க, தம்பி கிளம்புமுன் பன்னிரண்டு டஜன் ரவிக்கைகள் தயாராயின. ஹாஜா பாய் கழுத்துப் பட்டையிலிருந்த சீட்டைப் பார்த்துத் திகைத்தார்.

"டீச்சரம்மா, துபாயில போயி அரசலாறுன்னா யாருக்குப் புரியும்?"

"புரியிறவங்களுக்குத்தானே பாய் தைச்சிருக்கோம்."

ரவிக்கைகள் பறந்தன. தை பிறந்தது. ராஜேந்திரன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். பொங்கல் கழித்து மூன்றாம் நாள் ரயில் என்று தீர்மானமாயிற்று. மல்லிகா தன் கத்தரியைத் துடைத்து டீச்சரின் மேசையில் வைத்துவிட்டாள். டீச்சர் அதைத் தொடவே இல்லை.

கிளம்பும் நாள் காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஜா பாய் ஏறக்குறைய ஓடிவந்தார். முகத்தில் கோபமா மகிழ்ச்சியா என்று பிரித்தறிய முடியவில்லை.

"கெடுத்துட்டீங்களே டீச்சரம்மா. நூத்தி நாப்பத்தி நாலும் போயிடுச்சு. ஆனா பாதிப் பேரு திருப்பிக் கொண்டாந்துட்டாங்களாம், சேரலன்னு."

மல்லிகா பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடிச் சேரும்? யாரும் அளவைப் பாக்கல. ஊரைப் பாத்து வாங்கியிருக்காங்க. கீழ்வேளூர்ப் பக்கத்து அம்மா ஒண்ணு, ஒடம்பு வெண்ணாறு, ஆனா எங்க கொல்லையில ஓடுறது வெட்டாறு, எனக்கு வெட்டாறுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டுப் போயிருக்கு. தம்பி எவ்வளவோ சொல்லியிருக்கான். ஒங்க ஊரு ஆறு எங்களுக்கு வேணாம்னு பொம்பளைங்களுக்குள்ள கடையில சண்டையாம். இப்ப கொக்கி மாட்டலன்னு வந்து நிக்கிறாங்க. மாத்தித் தர்றேன்னாலும் கேக்கல. இதே ஆத்துல பெருசு குடுன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்றது?"

டீச்சர் சிரித்தார். நான் கண்டவரையில் அப்படி அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"பாய், திரும்பப் போன் போடுங்க. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. பக்கவாட்டுல மூணு வரி தையல் ஓடும், மடிப்புல ரெண்டு இஞ்சு துணி இருக்கும். ஒரு வரியைப் பிரிச்சா வெட்டாறு வெண்ணாறு ஆயிடும். இன்னொண்ணைப் பிரிச்சா காவிரி. ஆறு பிரியிற தலைப்புல எல்லாம் ஒரே தண்ணிதானே? சீட்டு அப்பிடியே இருக்கட்டும்."

"இது முன்னாடியே தெரியுமா டீச்சரம்மா?"

"அளவு ஜாக்கெட்டுல அடிபட்டவ நான். துணியோட சொல்லும் சேர்ந்து போகணும்னு அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன். சொல்ல ஆள் அனுப்ப முடியாது. மடிப்புல வச்சு அனுப்பினேன்."

பாய் மறுபடியும் பூத்துக்கு ஓடினார். நாங்கள் எல்லாரும், ராஜேந்திரன் தகரப் பெட்டியோடு உட்பட, பின்னால் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் பாய் இரண்டு நிமிடம் பேசினார். மூன்று நிமிடம் கேட்டார். வெளியே வந்து, "இன்னும் இருபது டஜன் கேக்குறான். எல்லா ஆத்துலயும்" என்றார்.

தஞ்சாவூர்ப் பக்கம் போகும் ரயில் வந்து நின்று புறப்பட்டது. ராஜேந்திரன் மட்டும் ஏறினான். ஓராண்டு கழித்து அவனே திரும்பிவந்து, கிடங்கின் மூலையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அங்க எட்டுப் பேருக்கு நடுவுல படுத்தா முதுகு சாயல" என்றானாம். அவன் மனைவி அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

அந்த ரயில் போன மறுவாரம் மல்லிகா என் வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொண்டுவந்தாள். எனக்கு யாரும் அளவு எடுத்ததில்லையே என்றேன். "பத்து நாளும் திரை இடுக்கு வழியா ஒங்க முதுகைத்தானே சார் பாத்துக்கிட்டிருந்தோம். டீச்சர் கண்ணாலயே அளந்துட்டாங்க" என்றாள். போட்டுப் பார்த்தேன். முதுகு கச்சிதம். இடது தோள் அரை அங்குலம் இறக்கம். பாட்டுப் புத்தகப் பையை அந்தத் தோளில்தான் நான் மாட்டுவது. முன்பக்கம் மட்டும் சற்றே தொளதொளத்தது. பாவம், அந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்கவில்லை.

டீச்சர் ஓய்வு பெற்று, மகனோடு வெகுதூரம் போய்விட்டார். அங்கேயும் யாரையாவது அளந்துகொண்டுதான் இருப்பார். நான் இன்றும் காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பதிகம் பாடுகிறேன். வயதாகிவிட்டது, முன்போல மூச்சு நீள்வதில்லை. ஓரடி முடிந்து இளைப்பாறும்போதெல்லாம், அடுத்த அடியை உடனே எடுக்காமல் சற்றுக் காத்திருப்பேன், பின்னாலிருந்து "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று ஒரு குரல் கேட்குமோ என்று.